ஐஸோல்டே பாடிய குரலில் ஒரு ஃபியோரில்லா

பத்து நாளாக என் காதில் ஒரே பெண்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். பெயர் ஃபியோரில்லா. நேப்பிள்ஸ்காரி, கல்யாணமானவள், புருஷனுக்கு வயது அதிகம், அவள் பின்னாலேயே சுற்ற ஊரில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான், அதுவும் போதாதென்று கப்பலில் வந்து இறங்கிய துருக்கிய இளவரசன் ஒருவனை வீட்டுக்கே அழைத்து வந்து உட்காரவைத்துக் காபி கொடுக்கிறாள். ரொஸ்ஸீனி தன் 22 வயதில், 1814-இல், மிலானின் லா ஸ்காலா அரங்குக்காக எழுதிய 'இல் துர்க்கோ இன் இத்தாலியா' என்ற நகைச்சுவை ஓபராவின் நாயகி அவள். 'இத்தாலியில் ஒரு துருக்கியன்' என்று சொல்லலாம். நான் கேட்டுக்கொண்டிருப்பது 1954-இல் பதிவான இசைத்தட்டு. பாடுவது கிரேக்க வம்சாவளி ஓபரா பாடகி மரியா காலஸ்.

காலஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு முகங்கள். குழந்தைகளைக் கொல்லும் மெடேயா, சிதையேறும் நோர்மா, மதிலிலிருந்து குதிக்கும் டோஸ்கா, படுக்கையில் இருமிச் சாகும் வயலெட்டா. எனக்கும் அப்படித்தான். ஓபரா எனக்கு அறிமுகமானதே சோகத்தின் வழியாகத்தான், காலஸின் நோர்மா வழியாகத்தான், அப்புறம் பல வருஷம் நகைச்சுவை ஓபராக்கள் பக்கமே போகவில்லை. ஒரு பாடகியின் ஆழத்தை அழுகையில்தான் அளக்க முடியும் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை இந்தப் பத்து நாளில் போய்விட்டது. ஏன் போனது, அது எங்கே போய் நின்றது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

காலஸ் இத்தாலிய மேடையில் முதன்முதலாக ஒரு நகைச்சுவை வேடம் ஏற்றது 1950 அக்டோபரில், ரோமில். பெரிய ஓபரா மாளிகையில் அல்ல. வியா நாத்ஸியோனாலே தெருவில் இருக்கும் தியேட்டர் எலிஸேயோவில், அது பேச்சு நாடகங்கள் நடக்கிற அரங்கு. ரோமின் எழுத்தாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து நடத்திய அன்ஃபிபர்னாஸோ என்ற குழு, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக யாரும் தொடாமல் கிடந்த இந்த ஓபராவை எடுத்துத் தூசி தட்டி மேடையேற்றியது. இசை நடத்தியவர் ஜியானந்திரேயா கவாட்ஸேனி. கவிஞர் வேடத்தில் மரியானோ ஸ்தாபிலே. அவருக்கு அப்போதே 60 தாண்டிவிட்டது, 1921-இல் தோஸ்கானீனியின் கீழ் லா ஸ்காலாவில் ஃபால்ஸ்டாஃப் பாடிப் பேர் வாங்கியவர், இத்தாலிய நகைச்சுவை மேடையின் பெரியவர் என்றே சொல்லலாம். அந்தப் பெரியவரின் எதிரே 26 வயது காலஸ்.

அந்த 26 வயதுக்குள் அவர் என்ன பாடியிருந்தார் என்று பார்த்தால்தான் இதன் எடை புரியும். 1947-இல் வெரோனாவின் திறந்தவெளி அரங்கில் 'லா ஜியோகோண்டா'. அதற்கடுத்த இரண்டு வருஷமும் ஊர் ஊராகப் புச்சீனியின் துரந்தோத். 1949 ஜனவரியில் வெனிஸில் வாக்னரின் புரூன்ஹில்டே பாடிக்கொண்டிருக்கும்போதே, நோய்வாய்ப்பட்ட ஒரு பாடகிக்குப் பதிலாக, சில நாள் அவகாசத்தில் பெல்லீனியின் 'இ பூரித்தானி' ஓபராவின் நாயகி எல்விராவைக் கற்றுப் பாடி இத்தாலியையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஒன்று இரும்புத் தொண்டை கேட்கிற பாத்திரம், மற்றது பட்டு நூல் மாதிரி இழைய வேண்டிய பாத்திரம். 1950 பிப்ரவரியில் ரோமிலேயே வாக்னரின் ஐஸோல்டே. இந்த வரிசையின் முடிவில்தான், புருஷனை ஏய்த்துக்கொண்டு காபி ஊற்றும் ஃபியோரில்லா.

லண்டனில் அந்த வருஷம்தான் தொடங்கப்பட்டிருந்த 'ஓபரா' என்ற மாத இதழில் இதற்கு ஒரு விமர்சனம் வந்தது. காலஸைப் பற்றிய புத்தகங்களில் அதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். அன்றைய மாலையின் ஆச்சரியமே காலஸ்தான் என்கிறார் விமர்சகர். லேசான சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல் வகை) பாத்திரம் ஒன்றை மிகச் சுலபமாக, ரொஸ்ஸீனியின் காலத்துப் பாடகர்கள் பாடியிருக்கக்கூடிய பாணியில் அவர் பாடினார் என்றும், இதே பெண்தான் துரந்தோத்தையும் ஐஸோல்டேயையும் குறையில்லாமல் பாடுகிறவர் என்று நம்பவே கஷ்டமாக இருக்கிறது என்றும் எழுதுகிறார். முதல் அங்கத்தில் ஒரு கடினமான பாட்டின் முடிவில், மேல் ஸ்தாயியில் ஈ ஃப்ளாட் என்ற ஸ்வரம் சுருதி பிசகாமல் வந்து விழுந்ததையும், அரங்கு திகைத்துப்போனதையும் மறக்காமல் குறிக்கிறார்.

நல்ல விமர்சனம். ஒரு பாடகிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் தடவை படிக்கும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது 'ஆச்சரியம்' என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. காலஸ் சிரிக்க வைத்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

எல்விரா தே ஹிதால்கோ என்ற பெயரை இங்கே கொண்டுவர வேண்டும். ஸ்பெயின்காரர். 1939 முதல் ஏதென்ஸ் இசைக் கல்லூரியில் காலஸின் குரு. தடித்த கண்ணாடியும் கூச்சமுமாக வந்து நின்ற அந்தப் பெண்ணை எடுத்து, குரலைத் திருத்தி, மூச்சைத் திருத்தி, பிருகாவைத் திருத்தி ஒரு பாடகியாக்கியவர். காலையில் வகுப்புக்குப் போய்ச் சாயங்காலம் வரை உட்கார்ந்து மற்ற மாணவர்களின் பாடத்தையும் சேர்த்துக் கேட்பாராம் காலஸ். பின்னாளில் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார், எவ்வளவு சுமாராகப் பாடுகிறவரிடமிருந்தும் ஏதோ ஒன்று கற்றுக்கொள்ளலாம் என்று. சரி, அந்த குரு எதற்குப் பேர் போனவர்? 1908-இல் நேப்பிள்ஸில் 16 வயதில் மேடையேறியபோது அவர் பாடியது ரொஸ்ஸீனியின் 'செவியா நகர நாவிதன்' ஓபராவின் ரோசீனா. 1910-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் முதன்முதலாகப் பாடியதும் அதே ரோசீனா. அந்தக் காலத்து நகைச்சுவை நாயகிகளில் முன்வரிசைக்காரர்.

அதாவது, உலகம் பிற்பாடு சோகத்தின் மறுபெயராகக் கொண்டாடிய பாடகிக்கு முறையாக வாய்த்த முதல் பெரிய கல்வியே ரொஸ்ஸீனியின் நகைச்சுவைப் பாத்திரத்தால் வாழ்ந்த ஒருவரிடம்தான். காலஸ் பதின்பருவத்தில் ஏதென்ஸின் தேசிய ஓபராவில் தொழில்முறைப் பாடகியாகக் கால் வைத்ததும் 1941-இல், 'பொக்காச்சோ' என்ற கலகலப்பான ஆபரெட்டாவில், அதாவது லேசான இசை நாடகத்தில், ஒரு சின்ன வேடத்தில். நகைச்சுவை அவருக்கு 1950-இல் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதில்லை. அடித்தளத்திலேயே இருந்தது. துரந்தோத்தையும் ஐஸோல்டேயையும் அதன் மேல் கட்டினார்கள். மேல்மாடியை மட்டும் பார்த்தவர்களுக்கு அஸ்திவாரம் தெரிந்த நாளில் ஆச்சரியம் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனமான குரல் சோகத்துக்கு, சின்னக் குரல் சிரிப்புக்கு என்று பாகம் பிரித்துக் கொடுத்தது ரொஸ்ஸீனியின் காலத்துப் பழக்கமே அல்ல. மரியா மலிப்ரான் 1825-இல் லண்டனில் ரோசீனாவாக அறிமுகமாகி, அடுத்த பத்து வருஷத்துக்குள் நோர்மாவும் பாடினார். ஒரே தொண்டைதான். அப்புறம் வெர்டி, வாக்னர், புச்சீனி என்று ஆர்கெஸ்ட்ரா பெருக்கப் பெருக்கக் குரல்களும் பெரிய குரல், சின்னக் குரல் என்று தனித்தனிச் சாதிகளாகிவிட்டன. ரோசீனாவையும் ஃபியோரில்லாவையும் குருவி மாதிரிக் கீச்சிடும் மெல்லிய சோப்ரானோக்கள் எடுத்துக்கொண்டார்கள், பாட்டுக்கு நடுவே அவர்கள் இஷ்டத்துக்குச் செய்யும் குரல் வித்தைகளுக்குக் கைதட்டல் கிடைத்தது, ஃபியோரில்லா என்ற மனுஷி காணாமல் போனாள். அந்த விமர்சகர் 'ரொஸ்ஸீனி காலத்துப் பாணி' என்று எழுதியதை இந்த இடத்தில் வைத்துப் படித்தால், அவர் காதால் சரியாகவே கேட்டிருக்கிறார் என்று தெரிகிறது. கேட்டதை நம்புவதற்குத்தான் மனசு இடம் கொடுக்கவில்லை.

1950-இன் அந்த நான்கு காட்சிகளின் ஒலிப்பதிவு எதுவும் நம் கைக்கு வரவில்லை. நமக்கு இருப்பது 1954 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் லா ஸ்காலாவில் ஈ.எம்.ஐ. நிறுவனத்துக்காகப் பதிவு செய்த முழு ஓபரா. முழு என்று சொன்னாலும் நிறைய வெட்டியிருக்கிறார்கள், அந்தக் காலத்து வழக்கம் அது. நடத்துநர் அதே கவாட்ஸேனி, கவிஞர் அதே ஸ்தாபிலே, துருக்கியன் செலீம் வேடத்தில் நிக்கோலா ரோஸ்ஸி-லெமேனி. நான்கு வருஷம் தள்ளி வந்தாலும், ரோமில் கேட்டவர்கள் எதைக் கேட்டிருப்பார்கள் என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு சாட்சி இல்லை.

ஃபியோரில்லாவின் முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளை நேசித்துக்கொண்டிருப்பதைப் போலப் பெரிய பைத்தியக்காரத்தனம் வேறில்லை என்று ஆரம்பிக்கிறாள். தினமும் ஒரே இன்பம் என்றால் சலிப்புத்தானே, தேனீயும் தென்றலும் ஓடையும் ஒரே பூவிடமா நிற்கின்றன, நானும் அப்படித்தான், மாறிக்கொண்டே இருப்பேன் என்கிறாள். சொல்லும் விஷயம் வம்புக்கு இழுக்கிற விஷயம். வேறு யாராவது பாடினால் முதல் வரியிலேயே கண்ணடித்துவிடுவார்கள், 'பார், நான் குறும்புக்காரி' என்று. காலஸ் கண்ணடிப்பதே இல்லை. நிதானமாக, ஒரு நியாயமான வாதத்தை முன்வைக்கும் குரலில் பாடுகிறார். தேனீ வரும் வரியில் குரலை ஒரு இழை மெலிதாக்குகிறார், அவ்வளவுதான். வரிசையாக வந்து விழும் பிருகாக்களில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, கோத்த மணி மாதிரி நிற்கிறது. அவள் சொல்வதை அவளே முழுசாக நம்புகிறாள் என்று நமக்குத் தெரிந்த பிறகுதான் சிரிப்பு வருகிறது. கூடவே அவள் மேல் ஒரு பிரியமும் வந்துவிடுகிறது.

ரொஸ்ஸீனியின் நகைச்சுவை வேலை செய்யும் விதமே இப்படித்தான் என்று நினைக்கிறேன். மேடையில் இருக்கிறவர்களுக்குத் தாங்கள் நகைச்சுவைக்குள் இருப்பது தெரியக் கூடாது. இந்த ஓபராவில் அது கதையிலேயே இருக்கிறது. பிரொஸ்தோச்சிமோ என்ற கவிஞர் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதக் கதை கிடைக்காமல் கடற்கரையில் அலைகிறார். அங்கே குறவர் கூடாரம் மாதிரி ஒரு ஜிப்ஸிக் கூட்டம், அதில் செலீமை விட்டு ஓடிவந்த ஸாய்தா, குறி கேட்க வரும் கிழட்டுக் கணவர் ஜெரோனியோ, கப்பலிலிருந்து இறங்கும் செலீம், உலாவ வரும் ஃபியோரில்லா. இவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்துக் கவிஞர் காகிதத்தில் குறித்துக்கொள்கிறார். சிரிப்பு அவருக்கும் நமக்கும்தான். அவர்களுக்கு அது வாழ்க்கை. பாடகி 'சிரியுங்கள்' என்று கேட்டுவிட்டால் இந்தக் கட்டுமானமே சரிந்துவிடும்.

இசையும் அப்படியே. ஒரே தாள அடைவு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வாத்தியம் சேர்ந்து, சத்தம் ஏறிக்கொண்டே போகும். அதில் ஒருவர் ஒரு சொல்லுக்காகக் கொஞ்சம் இழுத்தாலும் வண்டி குடை சாயும். காலப்பிரமாணத்தில் கல்லாக நின்றுகொண்டு, சொல்லுக்குள் மட்டும் விளையாட வேண்டும். நம் பாட்டுக் கச்சேரியில் கல்பனாஸ்வரத்தை எடுத்த இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறபோது வருமே ஒரு சிரிப்பு, ரசிகர் வாயிலிருந்து தானாக வருவது, அந்த வகைச் சிரிப்பு இது. கணக்கு சரியாக விழுந்ததில் வருகிற சந்தோஷம்.

காபிக் காட்சிக்கு வருகிறேன், நான் அதிகம் திருப்பிக் கேட்டது அதைத்தான். செலீம் காதல் மொழி பேசுகிறான். ஃபியோரில்லா பதில் சொல்கிறாள்: நீங்கள் துருக்கியர்கள், உங்களை நான் நம்ப மாட்டேன், சுற்றி நூறு பெண்களை வைத்திருக்கிறீர்கள், ஆசை தணிந்ததும் விற்கிறீர்கள், வாங்குகிறீர்கள். 'நோன் வி க்ரேதோ' என்பதுதான் 'நம்ப மாட்டேன்'. காலஸ் அந்த 'நோன்' மேல் எந்த அழுத்தமும் வைப்பதில்லை. 'க்ரேதோ'வின் ரகரத்தை மட்டும் நுனிநாக்கில் ஒரு கணம் உருட்டிவிட்டு, கடைசி எழுத்தைப் பாதியில் விட்டுவிடுகிறார், கதவை முழுசாகச் சாத்தாமல் ஒரு விரல் இடைவெளி விடுவது மாதிரி. சொல் 'மாட்டேன்' என்கிறது. அந்த இடைவெளி 'இன்னும் கொஞ்சம் கெஞ்சு' என்கிறது. அப்புறம் 'நூறு பெண்கள்' வரும்போது நிஜமாகவே லேசாகக் கோபம் வருகிறது குரலில். விளையாட்டாகச் சொல்ல ஆரம்பித்தவள் சொல்லச் சொல்லத் தானே அதில் மாட்டிக்கொள்கிறாள். ஒரு நிமிஷத்துக்குள் இவ்வளவு. இதைச் செய்ய நகைச்சுவை உணர்ச்சி மட்டும் இருந்தால் போதாது, ஒரு உயிரெழுத்தை எங்கே நிறுத்துவது என்பதை மயிரிழை சுத்தமாக அறிந்த கை வேண்டும். நோர்மாவில் 'அழாதே' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல ஒலிக்கும் இடங்களில் இருக்கிறதே, அதே கைதான் இது.

இன்னொரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன், காலஸ் அதில் இல்லை, ஆனாலும் விட மனமில்லை. செலீம் வந்து ஜெரோனியோவிடம் நல்லவிதமாகக் கேட்கிறான்: எங்கள் துருக்கியில் ஒரு அழகான வழக்கம், மனைவி பாரமாகிவிட்டால் கணவன் விற்றுவிடுவான், என்ன விலை? இத்தாலியில் அதைவிட அழகான வழக்கம் ஒன்று இருக்கிறது என்கிறார் கிழவர், கேட்க வந்தவன் மூஞ்சியைக் கணவன் உடைப்பான். ஃபெலீச்சே ரோமானி எழுதிய உரை, அதாவது பாடும் வரிகள், இது. இதே ரோமானிதான் பின்னாளில் நோர்மாவின் உரையையும் எழுதியவர். எழுத்தாளரைப் பார்த்து யாரும், இவரா அவர் என்று வாய் பிளந்ததாகத் தெரியவில்லை.

1955-க்கு வருவோம். லா ஸ்காலா அதே ஓபராவைக் காலஸை வைத்து ஏப்ரலில் மேடையேற்றியது, இயக்கம் இளம் ஃப்ராங்கோ ஸெஃபிரெல்லி. மார்ச்சில் விஸ்கோந்தி இயக்கத்தில் 'லா சொன்னாம்புலா', மே மாதம் அதே விஸ்கோந்தியின் புகழ்பெற்ற 'லா திராவியாதா', இரண்டுக்கும் நடுவில் இந்த ஃபியோரில்லா. இந்த மூன்று மாதத்தை ஒரு பாடகியின் வாழ்க்கையில் வைத்து யோசித்துப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் காலஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மூன்றில் இரண்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நடுவில் இருப்பதை ஒரு பத்தியில் தாண்டிவிடுகிறார்கள். அந்த ஒரு பத்தியிலும் பாதி, அதற்குள் அவர் எத்தனை கிலோ இளைத்திருந்தார் என்பதற்குப் போய்விடும். எனக்கு அதில் உண்மையிலேயே கோபம்.

ஸெஃபிரெல்லி பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் இருக்கிறது. காலஸிடம் சிரிப்பை வரவழைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தாராம். செலீமாக நடித்த ரோஸ்ஸி-லெமேனியின் மேல் நகைகளை வாரிப் போட்டுவிட்டார். ஃபியோரில்லாவுக்கு நகை என்றால் உயிர் என்று காலஸிடம் சொல்லிவைத்தார். அதன் பிறகு துருக்கியன் ஒவ்வொரு தடவை கையை நீட்டும்போதும் காலஸ் அந்தக் கையைப் பிடித்து இழுத்து மோதிரங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதிப்பார், அரங்கு சிரிக்கும்.

இதைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. காலஸுக்குக் கண் பார்வை மிகவும் மோசம். கண்ணாடி இல்லாமல் நடத்துநரின் கோல்கூடத் தெரியாது, மேடையில் எல்லாவற்றையும் இசையை எண்ணியும் அடியை எண்ணியும்தான் செய்வார். எதிரில் இருப்பவரின் முகம் தெரியாதவருக்கு நகைச்சுவை எவ்வளவு கஷ்டம்! அதில் பாதி விளையாட்டு கண்ணும் கண்ணும் பேசிக்கொள்வதில்தானே இருக்கிறது. மோதிரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்ப்பது அவருக்கு மிக இயல்பாக வந்திருக்கும். ஸெஃபிரெல்லி அதை யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரு நல்ல இயக்குநர் பாடகியின் உடம்புக்கு ஒத்துவருகிற செயலைக் கொடுத்தால், சிரிப்பு அதன் பின்னாலேயே வந்துவிடும் என்றுதான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் இன்னொரு பாடகியைச் சட்டென்று தொட்டுவிட்டுப் போகிறேன். நதாலி தெஸே 2007-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் தோனிஸெத்தியின் 'பட்டாளத்தின் மகள்' ஓபராவில் மரியாகப் பாடினார், லோரான் பெல்லி இயக்கம். மலை மலையாகப் பட்டாளத்துத் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டும், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டும் அவர் பிருகா பாடுவதை வீடியோவில் பார்க்கலாம். கத்தி கையில் நகர்கிறது, ஸ்வரம் ஒன்றுகூடத் தவறவில்லை. அடுத்த வருஷம் அதற்காக அவருக்கு லண்டன் மேடைக் கலைக்கான ஆலிவியர் விருது கிடைத்தது. அவர் முதலில் நடிகையாக விரும்பியவர், பாட்டு பிறகு வந்தது. அதனால் அவரைப் பற்றி எழுதியவர்கள் 'நடிக்கத் தெரிந்த பாடகி' என்று சுலபமாக முடித்துக்கொண்டார்கள். இஸ்திரிப்பெட்டியின் போக்குக்கு மூச்சைப் பிரித்து வைக்கத் தெரிந்ததும் பாட்டுதான் என்பதை யாராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

காலஸின் நகைச்சுவைக்கு எப்போதும் மாலை விழவில்லை. 1956 பிப்ரவரியில் லா ஸ்காலாவில் ரோசீனா பாடினார், குருவின் பாத்திரம். நடத்தியவர் கார்லோ மரியா ஜூலினி, ஃபிகரோவாக டீட்டோ கோப்பி. அது தோல்வி. அந்த மாலை நேரடியாகப் பதிவாகியிருக்கிறது, கேட்டேன். ரோசீனா பதற்றமாக இருக்கிறாள், எல்லாவற்றையும் ஒரு பிடி அதிகமாகச் செய்கிறாள், பாவம், சிரிக்க வைக்க முயல்கிறாள். ஃபியோரில்லாவில் காலஸ் செய்யவே செய்யாத காரியம் அது. ஜூலினிக்கும் அந்த நினைவு கடைசிவரை கசப்பாகவே இருந்தது. விமர்சனங்கள் கடுமையாக வந்தன, அதில் அநியாயம் என்று எனக்குப் படவில்லை. அதற்குப் பிறகு காலஸ் மேடையில் நகைச்சுவை வேடம் எதுவும் ஏற்கவில்லை. மேடை வாழ்க்கை முழுசுக்கும், ஏதென்ஸ் நாட்களை விட்டுவிட்டால், இரண்டே வேடம், ஃபியோரில்லாவும் ரோசீனாவும்.

ஆனால் ஒரு வருஷம் கழித்து, 1957 பிப்ரவரியில் லண்டனில், அதே கோப்பியோடு அதே ரோசீனாவை ஒலிப்பதிவு அரங்கில் பாடினார். கூட்டம் இல்லை, விசில் இல்லை. ரோசீனாவின் பாட்டில் ஒரு இடம். நான் சொன்னபடி கேட்பவள், மரியாதை தெரிந்தவள், அடக்கமானவள், என்னை வழிநடத்தலாம் என்று அடுக்கிக்கொண்டே போவாள். அப்புறம் 'மா' என்று ஒரே எழுத்து. இத்தாலிய மொழியில் 'ஆனால்'. என் பலவீனத்தைத் தொட்டால் பாம்பாகிவிடுவேன், நூறு பொறி வைத்து மாட்டவிடுவேன் என்பது அடுத்த வரி. காலஸ் அந்த 'மா'வைச் சட்டென்று, சத்தமில்லாமல், பூனை நகத்தை நீட்டுவது மாதிரி நீட்டுகிறார். ஓபரா கேட்கிறவர்கள் எழுபது வருஷமாக அந்த ஒரு எழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நானும் என் பங்குக்குப் பேசிவிட்டேன். முந்தைய வருஷம் மேடையில் எட்டாமல் போனது இங்கே கைக்கு வந்துவிட்டது, அதுவும் சத்தத்தைக் கூட்டியல்ல, குறைத்து.

மறுபடி ரோமுக்கு. அக்டோபர் கடைசியில் ஃபியோரில்லாவின் காட்சிகள் முடிந்தன. மூன்று வாரம் கழித்து, நவம்பர் 20, 21 தேதிகளில், அதே ரோமில், இத்தாலிய வானொலிக்காக வாக்னரின் 'பார்ஸிஃபல்' ஓபராவில் காலஸ் குந்த்ரி பாடினார். நடத்தியவர் விட்டோரியோ குயி. இது பதிவாகி நமக்குக் கிடைத்திருக்கிறது. ஃபியோரில்லாவாக முதல் தடவை நின்ற அதே குரல், அந்தச் சூடு ஆறாமல் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டுமென்றால் நமக்கு இருப்பது இதுதான்.

குந்த்ரி யார்? சிலுவை சுமந்து போகிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டவள். அந்த ஒரு சிரிப்புக்காகச் சாபம் பெற்று, ஜென்ம ஜென்மமாக அலைகிறவள். இரண்டாம் அங்கத்தில் அதை அவளே சொல்கிறாள். அவரைப் பார்த்தேன், சிரித்தேன் என்று. 'சிரித்தேன்' என்ற சொல்லில் குரல் உச்சியிலிருந்து அடிப்பாதாளத்துக்கு ஒரே தாவலாகக் குதிக்க வேண்டும், நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்வரம் கிடையாது. பதிவு பழசு, இரைச்சல் உண்டு. காலஸ் உச்சி ஸ்வரத்தை நேராக எடுத்து, கத்தாமல், ஒரு நொடி வைத்திருந்துவிட்டுக் கீழே விடுகிறார். அதற்குப் பிறகு வருகிற மௌனத்தில் ஆர்கெஸ்ட்ராவில் யாரோ நாற்காலியை நகர்த்தியது போல ஒரு சத்தம் கேட்கிறது. ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே பின்னால் தள்ளி, ஃபியோரில்லாவின் தேனீப் பாட்டை மறுபடி போட்டேன்.